தோற்கருவியும் ஒலிவாங்கியும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



பறையொலியைப் பதிவு செய்த பழைய ஒலிநாடா ஒன்றையோ, இற்றைநாள் கைப்பேசியில் உலவும் பதிவு ஒன்றையோ கேட்ட பிறகு, ஊர்ப்புறத்தில் நேர்நின்று பறையைக் கேட்டால் இரண்டும் ஒரே கருவியின் ஒலிதாமோ என்னும் ஐயம் எவர்க்கும் எழும். நேரிற் கேட்பவர்க்கு முதலில் நெஞ்சுக்கூட்டில் ஓர் அதிர்வு விழுகிறது. அதன்மேல் சிண்டுக்குச்சியின் கூரிய வெடிப்பு ஏறுகிறது. இரண்டிற்கும் நடுவே தோலின் முழக்கம் தொடர்ந்து ஓடுகிறது. பதிவிலோ வெடிப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது. தகரத்தைக் கோலால் தட்டினாற்போன்ற ஓசை! பறையை ஒருநாளும் நேரிற் கேளாத நகரத்து இளைஞன் அதனைக் கேட்டு, "இதுதானா தமிழனின் தொன்மைக் கருவி?" என்று உதட்டைப் பிதுக்குகிறான். அவன் பழிப்பது பறையை. பழிக்கப்பட வேண்டியதோ, எந்த ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று அறியாமல் பதிவு செய்தவரின் கை.

இது சிறு பிழையன்று. மூத்த பறையாசான்மாரும் தவிலாசான்மாரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர் கையிலுள்ள அடிவகைகள் ஓலையிலும் இல்லை; தாளிலும் இல்லை. ஒலிப்பதிவே அவற்றிற்கு ஏடு. ஏட்டை எழுதுவோன் எழுத்தாணியைப் பிடிக்கத் தெரியாதவனாயின் ஏடு என்னாகும்? 2025-ஆம் ஆண்டில் மதுரைப் பறையிசையாசான் வேலு ஆசானுக்கு இந்திய அரசு தாமரைத்திரு விருதை அறிவித்தது. நன்று, காலம் தாழ்ந்தேனும் நன்று. ஆயினும் விருது மார்பில் தொங்கும். கையின் ஒலி எதில் தொங்கும்?

தோற்கருவியைப் பற்றித் தமிழர்க்கு எவரும் பாடம் புகட்ட வேண்டியதில்லை. தொல்காப்பியர் திணைக்குரிய கருப்பொருள்களுள் உணவோடும் மரத்தோடும் பறவையோடும் பறையையும் வைத்து எண்ணினார். ஒரு நிலத்து மக்களின் வாழ்வை அறிய அவர்தம் பறையையும் அறியவேண்டும் என்பது அவர் கருத்து. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் பேரிகை, கரடிகை, திமிலை, குடமுழா, தக்கை, தண்ணுமை, தடாரி, முழவு, மொந்தை, துடி என முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர் சுட்டி வைத்தார். தோல் போர்த்த முகத்திற்குக் 'கண்' என்று பெயரிட்டதும் தமிழே. கண் என்பது எத்துணைப் பொருத்தமான சொல் என்பது, ஒலிவாங்கியை அதன் எதிரே வைத்துப் பார்ப்பவர்க்குத்தான் விளங்கும். கருவி எந்தப் பக்கம் 'பார்க்கிறது' என்பதே ஒலிவாங்கியை எங்கு வைப்பது என்பதற்கு முதல் விடை.

இளங்கோவடிகள் ஆடலரங்கிற்கு நீளம் இத்தனை கோல், அகலம் இத்தனை கோல், உயரம் இத்தனை கோல் என்று அளவு கூறினார்; கருவியாளர் முறைப்படி நிற்க வேண்டும் என்றும் கூறினார். எந்தக் கருவி எங்கே நின்றால் எவ்வாறு கேட்கும் என்னும் அறிவு அக்காலத்தே முற்றியிருந்தது. இற்றை ஒலிப்பதிவுக் கூடங்களிலோ பறைகொட்டுவோரை நாற்காலியில் உட்காரவைத்து, பாடகர்க்கு வைத்த ஒலிவாங்கியையே திருப்பி வைத்து, "அடியுங்கள்" என்கின்றனர். நின்று ஆடிக்கொண்டே முழக்க வேண்டிய கருவியை உட்கார்ந்து அடிக்கச் சொல்வது, மயிலைக் கூடையிற் கவிழ்த்து ஆடச் சொல்வது போன்றது.

இனி, ஒலிவாங்கி என்பது யாது? காற்றின் அதிர்வை மின்னதிர்வாக மாற்றும் கருவி. 'மைக்கு' என்று மேடைதோறும் கூவிய வாய்கள் இன்று ஒலிவாங்கி என்று கூறப் பழகிவிட்டன. செய்தித்தாளிலும் பாடநூலிலும் அச்சொல் நிலைத்துவிட்டது. தமிழில் அறிவியற் சொல் நிற்காது என்று கூறியோர் இதற்கு என்ன விடை கூறுவர் என்று தெரியவில்லை. அது நிற்க.

தோற்கருவியைப் பொறுத்தவரை ஒலிவாங்கிகள் மூவகைப்படும். முதல்வகை சுருள் ஒலிவாங்கி. 'டைனமிக்' என்று கடைக்காரர் கூறுவது. மெல்லிய சவ்வொன்றின் பின்னே கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்தின் நடுவே அசைந்து மின்னை உண்டாக்கும். முரட்டுக் கருவி. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். மிகுந்த ஒலியழுத்தத்தையும் தாங்கும். ஆனால், சுருளின் எடையால் சவ்வு விரைந்து திரும்பாது; ஆதலின் குச்சியின் நுனி தோலைத் தொடும் நொடிப்பொழுதின் கூர்மை சற்று மழுங்கும். 1965-இல் அமெரிக்காவின் சூர் நிறுவனம் வெளியிட்ட எசு.எம். 57 இவ்வகையது, உலகெங்கும் முரசுப் பதிவில் அறுபது ஆண்டுகளாக உழைத்துவருகிறது.

இரண்டாம் வகை மின்தேக்கி ஒலிவாங்கி, 'கண்டென்சர்' எனப்படுவது. 1916-இல் அமெரிக்கப் பொறியியலறிஞர் வெண்ட்டு ஆக்கியது. காற்றிடைவெளி விட்டு நிற்கும் இரு தகடுகளுள் ஒன்று மெல்லிய சவ்வு. சுருளின் எடை அதற்கில்லை. ஆதலின் மிக நுண்ணிய அதிர்வையும் விட்டுவிடாது. ஆனால், அதற்கு வெளியிலிருந்து மின்னூட்டம் வேண்டும், ஈரக்காற்றில் பொரியும், மிகப் பெரிய ஒலியில் உள்மின்சுற்று திணறும். நல்ல மின்தேக்கி ஒலிவாங்கிகளில் 10 அல்லது 20 தெசிபெல் அளவு குறைக்கும் ஒரு சிறு விசை இருக்கும். பறைக்குமுன் அவ்விசையைத் தள்ள மறந்தவரின் பதிவு முழுதும் கிழிந்த துணியாகக் கேட்கும்.

மூன்றாம் வகை நாடா ஒலிவாங்கி. காந்தத்தின் நடுவே தொங்கும் மிக மெல்லிய அலுமினிய நாடாவே அதன் சவ்வு. முன்னும் பின்னும் ஒப்பக் கேட்கும், இருபக்கமும் செவிடு. குச்சியின் கடுமையைத் தணித்து, கேட்பவர் செவிக்கு இனிமையாகத் தரும். ஆயினும் அருகே ஒரு பெருங்காற்று வீசினால் நாடா கிழியும். ஊர்ப்புறத் திறந்தவெளிக்கு அதனைக் கொண்டுசெல்வது அறிவுடைமையன்று.

மின்பதிவு 1925-ஆம் ஆண்டளவிலேயே வந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அதற்குமுன் பெரிய குழல்வாயின் முன் நின்று பாடியும் இசைத்தும் மெழுகிற் பதிந்தனர். பெருமுரசை அடித்தால் ஊசி தடம்விட்டுத் தாவும் என்று அஞ்சி, முரசறைவோரைத் தொலைவில் நிறுத்தினர். பெருமுரசையே விலக்கிய பதிவுகளும் உண்டு. அந்நாளைய இசைத்தட்டுகளில் தோற்கருவி மெலிந்து ஒலிப்பது கலைஞரின் குறையன்று. அஃது அக்காலத்துப் பொறியின் குறை. இன்று அவ்வாறு ஒலித்தால் அது பொறியின் குறையென்று தப்பிக்க இயலாது.

இப்போது பறைக்கு வருவோம். வட்டமான மரச்சட்டம், ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறந்தவெளி. இடத்தோளில் வாரை மாட்டி, சட்டத்தை இடக்கையால் உடலோடு அணைத்து, வலக்கையில் தடித்த குட்டையான அடிக்குச்சியும், இடக்கை விரல்களில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியுமாக முழக்குவர். பின்பக்கம் திறந்திருப்பதே இதன் இயல்பு முழுவதற்கும் ஏது. அடிக்குச்சி தோலில் விழும்போது தோல் பின்னோக்கிச் செல்கிறது. முன்னே காற்று தளர்கிறது. அதே நொடியில் பின்னே காற்று நெருக்குண்கிறது. முன்னொலியும் பின்னொலியும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பட்டவை. சட்டத்தின் விளிம்புக்கு நேரே, அஃதாவது கருவியின் பக்கவாட்டில், இவ்விரண்டும் வந்து கலந்து தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அவ்விடத்தில் ஒலிவாங்கியை வைத்தால் முழக்கம் போய் வெடிப்பு மட்டும் எஞ்சும். தகரவோசைப் பதிவுகளிற் பல இவ்வாறு பிறந்தவை. கலைஞரின் பக்கத்தில் நிற்பவர்க்குப் பறை மெலிந்து கேட்பதும், எதிரே நிற்பவர்க்கு நெஞ்சதிரக் கேட்பதும் இதனாலேயே. ஊர்மக்கள் பறைக்கு எதிரே வட்டமிட்டு நின்றனரேயன்றி அதன் பக்கவாட்டில் நெருங்கி நின்றனர் அல்லர். அவர்கள் கால்களுக்கு அந்த அறிவு இருந்தது.

ஆதலின் ஒரே ஒலிவாங்கி இருப்பின், அதனைக் கண்ணுக்கு எதிரே வைக்கவேண்டும். எவ்வளவு எட்டத்தில்? ஒரு சாண் அளவுக்கு நெருக்கி வைத்தால் இரு கேடுகள் உண்டு. குச்சி விழும் புள்ளி மட்டும் பெருத்துத் தோலின் பரந்த அதிர்வு மறையும். அன்றியும் ஒருபுறம் மட்டும் கேட்கும் ஒலிவாங்கிகள் மிக நெருங்கிய ஒலியின் தாழ்பகுதியைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டும் இயல்புடையன. அதைக் கேட்டுக் "கனமாக இருக்கிறது" என்று மகிழ்வோர் உளர். அது பறையின் கனமன்று, ஒலிவாங்கியின் வீக்கம். தோலிலிருந்து இரண்டு முதல் மூன்று முழம் வரை, ஏறத்தாழ 90 முதல் 135 செ.மீ. எட்டத்தில், கருவியின் உயரத்திற்கு ஒப்ப, கண்ணின் நடுவுக்கு நேரே நில்லாமல் சற்றுச் சாய்த்து வைத்த மின்தேக்கி ஒலிவாங்கி நல்ல பயனைத் தரும். சிண்டுக்குச்சியின் வெடிப்பு மிகுந்தால் ஒலிவாங்கியை அடிக்குச்சியின் பக்கமாக ஒரு கையகலம் நகர்த்துக. ஒலிமாற்றும் பொத்தான்களைத் திருகுவது அதற்குப் பின்னர்தான்.

இடத்தைக் கண்டறிய ஒரு பழைய வழி உண்டு. அதற்குப் பொறி எதுவும் வேண்டியதில்லை. கலைஞர் முழக்கிக்கொண்டிருக்கும்போது, பதிவாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றொரு காதால் கேட்டபடி கருவியைச் சுற்றி மெல்ல நடக்கவேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் கேட்கவேண்டும். அடியும் வெடிப்பும் முழக்கமும் ஒருங்கே செவியில் விழும் இடத்தில் ஒலிவாங்கியை நிறுத்தவேண்டும். ஒலிவாங்கி ஒற்றைக் காது உடையது. இரு காதால் கேட்டு இடம் தேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். குளிரூட்டிய அறையிற் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து, கலைஞரின் அருகிற் சென்று நிற்கவும் கூசுகின்ற பதிவாளர்க்கு இவ்வழி வாய்க்காது. சிலர் கூசுவது வெயிலுக்கு. சிலர் கூசுவது வேறொன்றிற்கு. பறையைத் தொட்டவனைத் தொடக்கூடாது என்று வகுத்த குலவேற்றுமை நஞ்சு, ஒலிவாங்கியின் எட்டத்திலும் புகுந்து அமர்ந்திருப்பதை அவையோர் ஓர்ந்து பார்க்கவேண்டும்.

பின்புறத்திலும் ஓர் ஒலிவாங்கி வைக்கலாமா எனின், வைக்கலாம். பின்புறத்தில் மரச்சட்டத்தின் ஒலியும் உடலில் மோதித் திரும்பும் முழக்கமும் மிகுதி. ஆனால், முன்னர்க் கூறியவாறு பின்னொலி முன்னொலிக்கு எதிர்ப்பட்டது. இரண்டையும் அப்படியே கூட்டினால் பறை வெற்றோசையாகும். பின் ஒலிவாங்கியின் மின்முனையைத் திருப்பிவிட வேண்டும். பதிவுப் பலகைகளில் அதற்கென ஒரு விசை உண்டு. திருப்பிக் கேட்டு, திருப்பாமற் கேட்டு, எதில் முழக்கம் மிகுகிறதோ அதனைக் கொள்க. இந்த ஒரு விசையை அறியாமையால் கெட்ட பதிவுகளுக்கு அளவில்லை.

இரண்டு ஒலிவாங்கிகள் வைக்கும் இடமெல்லாம் காலத்தின் கணக்கும் புகும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒன்றைவிட மற்றொன்று 34 செ.மீ. தள்ளி இருப்பின், ஒரே அடி நொடியின் ஆயிரத்திலொரு பங்கு காலந்தாழ்ந்து இரண்டாவதிற் சேரும். இவ்விரண்டையும் ஒப்ப வலிமையிற் கூட்டினால் நொடிக்கு 500 அதிர்வுடைய ஒலி அழியும். 1500-உம் 2500-உம் அவ்வாறே அழியும். சீப்பின் பற்களைப்போல ஒலி இடையிடையே அறுந்துபோகும். இதனைத் தவிர்க்கப் பதிவாளர் கைக்கொள்ளும் வழி எளியது: ஓர் ஒலிவாங்கி தன் கருவியிலிருந்து ஒரு முழம் தள்ளி இருப்பின், அடுத்த ஒலிவாங்கி அதிலிருந்து மூன்று முழமேனும் தள்ளி இருக்கவேண்டும்.

ஒரு குழுவாகப் பலர் நின்று முழக்கும்போது ஆளுக்கொன்றாக ஒலிவாங்கி வைப்பது வீண். கலைஞர் ஆடுகின்றனர், முன்னும் பின்னும் பெயர்கின்றனர். அவர் கால்களை ஒலிவாங்கிக் கம்பத்தோடு கட்டிவைக்க இயலுமா? அரைவட்டமாக நிற்கச் செய்து, அதன் எதிரே இரண்டு மீட்டர் தள்ளி, ஆளுயரத்தில், இரண்டு மின்தேக்கி ஒலிவாங்கிகளை இணையாக நிறுத்தலாம். பிரெஞ்சு வானொலியார் வகுத்த அளவு ஒன்று உண்டு: இரண்டிற்கும் இடைவெளி 17 செ.மீ.; இடைக்கோணம் 110 பாகை. மாந்தனின் இரு காதுகளுக்கு இடைப்பட்ட தொலைவை ஒட்டிய அளவு அது. கேட்பவர் கண்ணை மூடினால் யார் எந்தப் பக்கம் நின்று ஆடினார் என்பதும் தெரியும்.

தோலைத் தீயிற் காய்ச்சும் வழக்கம் யாவரும் அறிந்ததே. வைக்கோல் தீயில் பறையைக் காட்டியபின் தோல் விறைத்து ஒலி உயரும். காற்றின் ஈரம் ஏற ஏறத் தளர்ந்து தாழும். காய்ச்சியவுடன் பதியும் முதல் அடியும், நெடுநேரம் சென்று பதியும் அடியும் ஒரு கருவியின் ஒலியாகக் கேளா. ஆதலின் எல்லாம் ஆயத்தமாக நின்ற பின்னரே தீமூட்டச் சொல்லவேண்டும். நடைமுறையோ தலைகீழ்! பறைகளைக் காய்ச்சச் சொல்லிவிட்டுப் பதிவாளர் கம்பிகளைத் தேடிக்கொண்டிருப்பார், தோல் தளர்ந்தபின் "ஏன் ஒலி மந்தமாக இருக்கிறது?" என்று கலைஞரையே வினவுவார். இத்தொல்லை வேண்டாவென்று செயற்கைத் தகட்டைப் போர்த்துவோர் பெருகிவிட்டனர். மழைக்கும் பனிக்கும் அது தளராது, உண்மை. ஆனால் அதன் ஒலியில் வெடிப்பு மிகுதி, முழக்கம் குறைவு. தோற்பறையை நன்கு பதிந்த பதிவுகள் இன்றே பெருகாவிடின், நாளை செயற்கைத் தகட்டின் ஒலியே பறையொலி என்று நிலைத்துவிடும்.

தவிலுக்கு வேறு முறை. பலாமரத்தைக் குடைந்து செய்த உடல், இருபக்கமும் கண். வலக்கண்ணைக் கூடு அணிந்த விரல்களாலும் உள்ளங்கையாலும் முழக்குவர். தொப்பி எனப்படும் இடக்கண்ணைப் பூவரசங் கோலால் அடிப்பர். ஒருபக்கம் உளியின் கூர்மை. மறுபக்கம் இடியின் கனம். இரண்டிற்கும் நடுவே ஒன்றை வைத்துத் தப்பிக்க எண்ணுவோர், மர உடலைப் பதிகின்றனரேயன்றித் தவிலைப் பதிகின்றனர் அல்லர். வலக்கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி, விளிம்பை நோக்கிச் சாய்த்து, மின்தேக்கி ஒலிவாங்கி. தொப்பிக்கு ஒரு சாணுக்கு மேல் தள்ளி, பெருமுரசுக்கென ஆக்கிய அகன்ற சவ்வுடைய சுருள் ஒலிவாங்கி. ஒரு கண்ணை அடித்தால் அது உள்வாங்கும்போது உள்ளிருக்கும் காற்று மறுகண்ணை வெளித்தள்ளும். ஆதலின் இங்கும் மின்முனையைத் திருப்பிப் பார்க்கும் ஆய்வு இன்றியமையாதது.

தவிலோடு நாகசுரமும் இருக்கும்; தொல்லை அங்கேதான். திருவிழாப் பதிவுகளில் ஒலிவாங்கியை நாகசுரத்தின் அணைசுக்கு முன்னே நீட்டிவிட்டுத் தவில் தானாக வந்து விழும் என்று விட்டுவிடுவர். வந்து விழுவது தவிலின் நிழல். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரனாரையும் யாழ்ப்பாணத்துத் தட்சிணாமூர்த்தியாரையும் ஈன்ற இனம் தவிலைப் பக்கக்கருவி என்று ஒதுக்கலாமா? தட்சிணாமூர்த்தியார் 1975-இல் மறைந்தார். அவர் கையை இனி எவரும் மறுபடியும் பதிய இயலாது. ஒருபுறம் மட்டும் கேட்கும் ஒலிவாங்கிக்குப் பின்புறம் செவிடு. அந்தச் செவிட்டுப்புறம் நாகசுரத்தை நோக்குமாறு தவிலின் ஒலிவாங்கியைத் திருப்பினாலே பாதித் தொல்லை தீரும்.

உறுமியைப் பற்றி ஒரு சொல். அதன் ஒரு கண்ணை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமச் செய்வர். அத்தேய்ப்பொலி மெலிது, மறுகண்ணின் அடியோ வலிது. எட்டத்தில் வைத்த ஒலிவாங்கி அடியை மட்டுமே கேட்கும். உறுமாத உறுமியாக அது பதிவாகும். தேய்க்கும் கண்ணுக்கு நெருங்கத் தனியே ஒன்று வைப்பதல்லது வேறு வழியில்லை. திருவாரூர்க் கோயிலிலுள்ள ஐம்முக முழவுக்கோ ஐந்து கண். ஐந்து ஒலிவாங்கி வைப்பதினும், அந்த மண்டபத்தின் முழக்கத்தோடு சேர்த்துச் சற்று மேலிருந்து இரண்டு வைப்பதே பொருந்தும். அம்முழவு அந்தக் கல்லோடு சேர்ந்தே ஒலிக்கிறது.

மத்தளவகையைப் பற்றி அறிவியலறிஞர் சி.வி. இராமன் கண்டுரைத்தது இங்கு எண்ணத்தக்கது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அவர், 1920-இல் ஆங்கில 'நேச்சர்' இதழிலும், 1934-இல் விரிவாகவும், வலக்கண்ணில் இடும் கருஞ்சோறு தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை இசையொழுங்குக்குக் கொண்டுவருவதை நிறுவினார். தோலின் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வைத் தாங்குகிறது. விரலளவு நெருங்கி வைத்த ஒலிவாங்கி அவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் பொறுக்கும். ஒரு முழம் தள்ளினால் எல்லாம் கலந்த முழுவொலி வந்து சேரும். கருஞ்சோற்றை அளந்து இட்ட கைவினைஞர்க்கு இராமன் சொல்லித் தரவில்லை. அவர் செய்ததை இராமன் கண்டு உலகிற்கு உரைத்தார்.

மேலைநாட்டார் தம் 'டிரம்சு' என்னும் முரசுத்தொகுதிக்குப் பத்துப் பன்னிரண்டு ஒலிவாங்கிகளை நெருக்கி வைக்கும் வழக்கத்தைக் கண்டு, அதுவே வளர்ச்சி என்று மயங்குவோர் இங்கு உளர். அந்நாட்டுத் தலைசிறந்த பதிவாளர் செய்ததைப் பார்க்கட்டும். 1960-களின் இறுதியில் இலண்டன் பதிவாளர் கிளின் சான்சு, மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டை வைத்து, இரண்டும் நடுப்பறையிலிருந்து ஒரே தொலைவில் நிற்குமாறு அளந்து, பெருமுரசுக்கு மட்டும் ஒன்று சேர்த்துப் பதிந்தார். தொலைவு ஒன்றானால் முன்னர்க் கூறிய காலந்தாழ்வு நேராது. அவர் தம்பி ஆண்டி சான்சு, இலெட் செப்பெலின் குழுவின் 1971-ஆம் ஆண்டு இசைத்தட்டுக்காக, முரசறைவோன் சான் போனத்தை ஒரு பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் அமர்த்தி, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு நாடா ஒலிவாங்கிகளைக் கீழ்நோக்க வைத்துப் பதிந்த முழக்கம் இன்றளவும் பேசப்படுகிறது. அங்கே ஒலித்தது முரசு மட்டுமன்று. அந்த வீடும் ஒலித்தது. பறைக்குரிய வீடு எது? திறந்த தெரு; மரத்தடி; மண்தரை. அங்கே போய்ப் பதியவேண்டும். பஞ்சு ஒட்டிய சுவருக்குள் அடைத்துப் பதிந்துவிட்டுப் பிறகு பொறியால் செயற்கை முழக்கம் ஏற்றுவது எதற்கு?

திறந்தவெளிக்குச் செல்வோர் சிலவற்றை மறவாதிருத்தல் நலம். காற்றைத் தடுக்கும் பஞ்சுறையோ மயிருறையோ ஒலிவாங்கிக்கு இடவேண்டும். தீயின் புகைக்கும் வெப்பத்திற்கும் எட்ட நிறுத்தவேண்டும். ஒலிபெருக்கியும் மின்னாக்கியும் ஓடாத பொழுதைத் தேரவேண்டும், வைகறை நன்று. கைப்பேசியால் மட்டுமே பதிய வாய்ப்புள்ள இளைஞரும் மனந்தளர வேண்டா. ஆனால் கைப்பேசி பேச்சுக்கென ஆக்கப்பட்டது. பேரொலியைக் கேட்டதும் தானே அளவைக் குறைத்து, அடி ஓய்ந்ததும் தானே உயர்த்தும். தானியங்கு கட்டுப்பாட்டை நிறுத்தும் பதிவுச்செயலியைக் கொண்டு, ஐந்தாறு முழம் தள்ளி நின்று பதியவேண்டும். தனிப் பதிகருவி உடையோர் நொடிக்கு 48,000 மாதிரி, 24 இருமம் என்னும் அளவிற்குக் குறையாமல், சுருக்கப்படாத கோப்பாகப் பதிதல் வேண்டும். உலக ஒலியாவணக் காப்பாளர் கழகத்தார் வகுத்த கீழெல்லை அது. அளவுமானியின் உச்சி, வலிய அடியிலும் 10 தெசிபெல் இடம் விட்டு நிற்கட்டும். பறையாசான் முன்னோட்டத்தில் மெல்ல அடிப்பார். ஆட்டம் சூடேறியபின் இரட்டிப்பாய் அடிப்பார். முன்னோட்டத்தை நம்பி அளவை வைத்தவர் ஏமாறுவர்.

பதிவின் தொடக்கத்தில், ஒலிவாங்கியின் முன் நின்று, கலைஞரின் பெயர், அவர்க்குக் கற்பித்தவரின் பெயர், ஊர், நாள், அடிவகையின் பெயர், கருவியின் தோல் எத்தகையது, ஒலிவாங்கி எத்தனை முழம் தள்ளி நின்றது என்பவற்றைத் தமிழிற் சொல்லிப் பதியவேண்டும். கலைஞரே தம் வாயாற் சொன்னால் மிக நன்று. பெரும்பாலான பழம்பதிவுகளில் பாடியவர் பெயர் இருக்கிறது, நாகசுரம் ஊதியவர் பெயர் இருக்கிறது, பறைகொட்டியவரின் இடத்தில் 'குழுவினர்' என்று இருக்கிறது. அடி தொடங்குமுன் தீயில் தோல் காயும் சலசலப்பும், ஆசான் விரலால் தட்டிப் பார்த்து "இன்னும் கொஞ்சம் காட்டு" என்று கூறும் குரலும் பதிவில் விழுந்திருந்தால், தூய்மை செய்கிறோம் என்று அதனை வெட்டிவிட வேண்டா.